கப்பல்காரர் வீட்டுத் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டு வாசற்கதவில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. சுண்டுவிரலை விட்டால் மரத்தூள் நெருநெருவென்று ஒட்டும். கப்பற்படையிலிருந்து ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சிக்கு வந்த வாரமே அப்பா தாழ்ப்பாளைப் பிடுங்கிவிட்டாராம். "திருடனுக்குச் செரமம் குடுக்காத வூடு" என்று தெருவே கேலி பேசும்.

அப்பா இருந்த நாசகாரிக் கப்பல், வெள்ளைக்காரன் தன் சண்டைக்குக் கட்டி, ஓட்டித் தேய்த்து, பிறகு நமக்கு விற்றது. பங்களாதேஷ் சண்டையில் அதன் கொதிகலன் அறையில் அப்பாவுக்கு வேலை. சண்டைக்குப் பிறகு அது பயிற்சிக் கப்பலாகி, கடைசியில் உடைபட்டுப் பழைய இரும்பாகப் போயிற்று. அதற்கு மேல் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது சாலையோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், பஸ்கள் நின்றன, ஒரு மத்தியானம் எங்கள் தெருவிலும் கல் பறந்தது. பயந்துபோன அம்மா அன்று காலைதான், அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை அடிக்க வைத்திருந்தாள். "போடுடீ தாழ்ப்பாள!" என்று அவள் அலற, பத்து வயதுப் பெண்ணான நான் எக்கிப் போட்டேன். உடனே யாரோ தட்டினார்கள். "ம்மோவ், கதவத் தொறங்கம்மா! கையில புள்ள இருக்குது!" வாராவாரம் கல்வராயன் மலையிலிருந்து எங்களுக்குச் சாமை கொண்டுவரும் பெண்ணின் குரல். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் திரும்பிவந்து கொல்லைத் தோட்டத்தில் இருந்த அப்பா, தட்டும் சத்தம் கேட்டு ஓடிவந்து எங்களைத் தள்ளிவிட்டுத் திறந்தபோது வாசற்படியில் சாமை மூட்டை மட்டும் கிடந்தது.

தெருத்தெருவாகத் தேடிவிட்டு, பொழுது சாயும்போது தனியாகத் திரும்பினார். அழுதுகொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சண்டையில நீராவிக் கொழா வெடிச்சிடுச்சி, பாப்பா. இரும்புக் கதவ மூடுன்னு ஆபீசர் கத்தனாரு, மூடிட்டேன். உள்ள என் கூட்டாளி. தட்டிக்கினே இருந்தான். அப்புறம் தட்டல." என் தலையைத் தடவினார். "உன் மேல தப்பில்ல. அம்மா சொன்னா, போட்ட. நானும் அப்டித்தான்."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அது தேறுதலாகவே இல்லை.

பஸ் ஓடத் தொடங்கியபின், மலையிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி அப்பா விசாரித்தார். அந்தப் பெண் எங்கள் தெருவுக்கு மறுபடி வரவேயில்லை. குழந்தை என்ன ஆயிற்றென்றும் தெரியவில்லை.

அப்பா போய்விட்டார். அந்தக் கதவும் இல்லை, சாலையில் புளியமரங்களும் இல்லை. என் வீட்டில் இப்போது இரும்புக் கேட்டு, இரண்டு பூட்டு. யாராவது தட்டினால் யாரென்றுகூடக் கேட்காமல் ஓடிப்போய்த் திறக்கிறேன் என்று மகன் திட்டுகிறான். திறந்ததும் வந்தவர் முகத்தை நான் பார்ப்பதில்லை. முதலில் வாசற்படியைத்தான் பார்க்கிறேன்.