கரிக்கோடு போட்ட முட்டைகள்

தனம் போய்விட்டாள் என்று ஷேர் ஆட்டோக்காரர்தான் வந்து சொன்னார். அப்போது நான் குஞ்சுகளுக்கு நொய் புடைத்துக்கொண்டிருந்தேன். மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியவள், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். அவர் சொன்ன பிறகும் முறத்தில் இருந்ததைப் புடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் கோழி வந்து கிளறிவிடும்.

உங்களில் பலருக்கு அவள் கம்பெனியில் கூட்டித் துடைத்த தனம். எனக்கு ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு வீடு, ஒரே புழக்கடை. கொழுந்தன் போன பிறகு கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலையில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடை வைப்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கூடையில் மணல், மேலே வைக்கோல். வைக்கிற அன்றைக்கே ஒவ்வொரு முட்டையிலும் கரித்துண்டால் ஒரு கோடு. வேறு கோழி வந்து அந்தக் கூடையில் முட்டை போட்டால், கோடு இல்லாததைப் பார்த்து எடுத்துவிடலாம். இடி இடித்தால் முட்டை கூழாகும் என்று கூடையில் ஓர் இரும்புத் துண்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏரிக்கு அந்தப் பக்கம் கம்பெனி கட்ட, பூமியில் தூண் இறக்கும் மெஷின் வந்தது. பகலெல்லாம் தரை அதிர்ந்தது. ஊரே அடை வைப்பதை நிறுத்தியது. தனம் மட்டும் மூன்று இரும்பு வைத்தாள். "வானத்து இடிக்கு ஒண்ணு போதும். இது மனுசன் இடிக்கிறது, கூட வேணும்" என்றாள். பன்னிரண்டில் பத்து பொரித்தது. இரும்பினாலா என்று எனக்குத் தெரியாது.

எங்கேயோ போய்விட்டேன். பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றது. தெற்கத்திப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட, என் வீட்டுக்காரர் புழக்கடையில் இரண்டு ரூம் கட்டினார். தனத்தின் கோழிக்கூண்டு இருந்த இடம் அதில் போயிற்று. அவளைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. ஆனால் ஒரே புழக்கடையில் பேசாமல் எப்படி இருப்பது? "தொட்டியில தண்ணி இல்லடி, இன்னா பண்ணப் போறோம்" என்று கோழியிடம் சொல்வாள். நான் போய் மோட்டார் போடுவேன். என் பதிலை நான் என் கோழியிடம் சொல்வேன். எங்களிடம் குடியிருந்தவர்கள் இரண்டு பேருக்கும் கிறுக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் என் கருங்கால் கோழி கம்பெனி பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. அது கடைசியாக இட்ட இரண்டு முட்டைகள் அரிசிப் பானையில் இருந்தன. அந்த வம்சம் போகக் கூடாது என்று எனக்கு ஆசை. தனத்தின் கோழி அடையில் உட்கார்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வைத்திருப்பாள். கேட்க வாய் வரவில்லை. அவள் ஷிப்ட்டுக்குப் போன பிறகு நானே கோழிக்கு அடியில் தள்ளிவிட்டேன். கோடு போடவில்லை. கோடு இல்லாத இரண்டையும் தனம் பார்த்திருப்பாள், ஆனாலும் எடுக்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. மறுநாள் காலையில் தாய்க்கோழி ஒன்பதையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. என் இரண்டு முட்டைகளுக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. இறங்கிய கோழி திரும்ப உட்காராது. தனம் அவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். இரண்டும் அசைந்தன. உயிர் இருந்தது.

"வச்சவ வந்து கேட்டா குடுத்துட்டுப் போவேன். எனக்கு வண்டி வந்துடும்" என்றாள் கோழியிடம்.

நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. அவள் முட்டைகளைப் பழைய துணியில் சுற்றி, இடுப்பில் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அப்படியேதான் திரும்பி வந்தாள்.

மறுநாள் கேட்டில் சோதனை போடும் பெண்ணின் கையில் அது தட்டுப்பட்டதாம். அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கம். என்ன என்று கேட்டிருக்கிறாள். தனம் முட்டை என்றிருக்கிறாள். திங்கிற சாமான் உள்ளே போகக் கூடாது என்றதற்கு, "இது திங்கிறது இல்லமா, நாளைக்கு நடக்கும்" என்றாளாம். அதற்குள் ஒரு முட்டை கீச்சென்றது.

"எக்கா, உள்ள கத்துதுல்லா" என்று அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாளாம்.

சூப்பர்வைசர் வந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போ, இல்லாவிட்டால் கார்டைக் கொடுத்துவிட்டுப் போ என்றார். ஏசிக் காற்றில் மேஜைமேல் வைத்தால் அரை மணி தாங்காது. தனம் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு வந்தாள். இதையெல்லாம் கூட வேலை செய்தவர்கள் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஒரு முட்டை பொரித்தது. கரிய கால். இன்னொன்று ஓட்டைக் கொத்தியதோடு செத்துப்போயிற்று. செத்த முட்டையை எடுத்துக்கொண்டு நேராக என் அடுப்படிக்கு வந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு கோழி இல்லாமல் என்னிடம் பேசினாள்.

"அக்கா, முட்டை வச்சா கோடு போட்டு வை. கோழிக்கு நாள் எண்ணத் தெரியாது."

அவ்வளவுதான். யார் வைத்தது என்று கேட்கவில்லை. பொரித்த குஞ்சை விளக்கு வைக்கிற நேரத்தில் தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் தள்ளினாள். வெளிச்சத்தில் விட்டால் கொத்தும், இருட்டினால் அதற்கு எல்லாம் தன் குஞ்சுதான். கக்கூஸ் கழுவ வேறு ஆள் நிலைக்கவில்லை என்று பதினோராம் நாள் கம்பெனியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அதுவரை அவள் வீட்டு உலைக்கு நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அந்தப் பேச்சை மட்டும் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவளை எடுத்துப்போன அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் போனேன். மூலையில் அடைக்கோழி உட்கார்ந்திருந்தது. அதே கரிய கால் வம்சம். தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருந்தது. அடியில் கைவிட்டுப் பார்த்தேன். பதினொரு முட்டை, எல்லாவற்றிலும் கோடு. கோழியோடு கூடையைத் தூக்கிவந்து என் அடுப்படியில் வைத்துத் தண்ணீர் காட்டினேன்.

"அந்த ரெண்டு முட்டையும் நான்தாண்டி வச்சேன்" என்று கோழியிடம் சொன்னேன்.

அது தண்ணீர் குடித்துவிட்டு முட்டைகளைக் காலால் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தது. தனத்திடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கூடையும், அதன் ஓரத்தில் அவள் செருகி வைத்திருந்த கரித்துண்டும்தான். பொரிக்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது.