குட்டிகள் பக்கம் ஓடிய தண்ணீர்

வீப்ரன் ஹூக்கமா கட்டினார் என்று சொல்ல நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் ஒரு கட்டடம்கூடக் கிடையாது. வரைந்தது மட்டும் நாற்பது வருடத்துக்கு இருக்கிறது. கட்டடக் கலைஞரின் பெயரைச் சுவரில் பதிப்பார்கள், பத்திரிகையில் போடுவார்கள். கதவுக்கடியில் எத்தனை விரல் இடைவெளி வேண்டும், கழுவிவிட்ட தண்ணீர் எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவனின் பெயர், வரைபடத்தின் வலது கீழ் மூலையில் எறும்பு எழுத்தில் கிடக்கும். வீப்ரன் அந்த மூலையிலேயே குடியிருந்து அறுபத்தாறு வயதைத் தொட்டுவிட்டார்.

லேவார்டன் நகரத்து அலுவலகத்தில் மாடு, குதிரை, நாய் என்று எந்த வேலை வந்தாலும் அவர் மேசைக்குத்தான் போகும். மாட்டுக்குத் தரை வழுக்கக் கூடாது, குதிரைக்குத் தலைக்கு மேல் காற்று ஓட வேண்டும், நாய்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும்படி கூண்டு வைத்தால் நாள் முழுக்கக் குரைத்தே ஓய்ந்து போகும். இதையெல்லாம் அவர் ஈரத் தரையில் மண்டியிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். அதில் முழங்கால் இரண்டும் போயே போய்விட்டன. ஓய்வு பெற இன்னும் ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தை யாரும் எதுவும் கேட்காமல் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தார்.

அப்போதுதான் ரூர்டிடமிருந்து அழைப்பு வந்தது. ரூர்ட் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊர் நாய்க் காப்பகத்தின் குழுத் தலைவர். நாலு வருடத்துக்கு முன் வீப்ரன் வரைந்த காப்பகம் அது. அங்கே மூன்றாவது முறையாகக் குட்டிகளுக்குக் கழிச்சல் வழியே பரவும் பார்வோ நோய் வந்து, இதுவரை பதினோரு குட்டிகள் செத்திருந்தன. காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹில்ட்யா சரியாகக் கழுவுவதில்லை என்று குழு முடிவுகட்டிவிட்டது. வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் அவளை அனுப்பிவிடப் போகிறார்கள். அதற்கு முன், கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை என்று வரைந்தவர் எழுத்தில் கொடுத்துவிட்டால் விவகாரம் சுத்தமாக முடிந்துவிடும் என்றார் ரூர்ட். வீப்ரன் வருகிறேன் என்றார். மறுப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போனபோது அலுவலக அறையில் காபி ஃப்ளாஸ்க் தயாராக இருந்தது. ரூர்ட் பிஸ்கட் டப்பாவை நீட்டி, வீப்ரன் ஒன்று எடுத்ததும் மூடி வைத்தார். தாள் ஏற்கெனவே தட்டச்சாகி, பேனாவும் அதன்மேல் படுத்திருந்தது. ஹில்ட்யா கதவோரம் நின்றாள். நாற்பது வயதிருக்கும், வலது தோளில் வலிக்கு ஒட்டும் பட்டை சட்டைக்கு வெளியே தெரிந்தது. அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு கையெழுத்துதான், வீப்ரன். போட்டுட்டீங்கன்னா மத்தவங்க வந்ததும் கூட்டத்தை முடிச்சுடலாம்."

"தரையைப் பார்க்காம எப்படி, ரூர்ட்?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் வீப்ரன் பேனாவைத் தொடவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

காப்பகத்தின் அமைப்பு எளிமையானதுதான். ஒரே வரிசையில் எட்டு அடைப்புகள். இந்தக் கோடியில் குட்டிகள், அந்தக் கோடியில் நோயுற்ற நாய்கள். எட்டுக்கும் முன்னால், கழுவிய தண்ணீர் ஓட ஒரே கால்வாய். தண்ணீர் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்குத்தான் ஓட வேண்டும், குட்டிகளைத் தாண்டி, நல்ல நாய்களைத் தாண்டி, கடைசியில் நோயாளிகளைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். பன்னிரண்டு மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் சரிவு. அந்த வாட்டம்தான் இந்தக் கட்டடத்துக்கு உயிர். சுவரின் நிறம், கூரையின் அழகு எல்லாம் அப்புறம்.

குட்டிகளின் கதவைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதவுக்கடியில் ஒரு விரல் இடைவெளி வரைந்திருந்தார். இப்போது நாலு விரலும் உள்ளே போயின. கதவு தொங்கும் சுவர், பைல் என்கிற நிலத்தடித் தூண்கள்மேல் நிற்கிறது. ஆழத்து மணல்வரை அடித்த பைல், அசையாது. தரைக்குப் பைல் கிடையாது. செலவு ஒத்துவரவில்லை என்று குழு சொன்னபோது, வரைபடத்தில் தரைக்கடியில் இருந்த பைல்களை நீக்கிவிட்டு வேறு தாள் வரைந்தவர் வீப்ரன்தான். பாரம் ஏறினால் அமுங்கும் சேற்றுக்கரி மண்ணில் பிறந்து வளர்ந்தவர், தன் வீட்டுச் சமையலறைத் தரை வருடா வருடம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறவர், இதைச் செய்தார். அதுவும் எந்த இடத்தில்! குட்டிகளின் அடைப்பு இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் வாய்க்கால் ஓடியது. 1960களில் மண் போட்டு மூடிவிட்டார்கள். மூடிய வாய்க்கால் மற்ற நிலத்தைவிட வேகமாக இறங்கும் என்று இந்த ஊரில் தெரியாத ஆள் உண்டா? மூலையில் எறும்பு எழுத்தில், 'தரை இறக்கத்தைக் கவனித்து வரவும்' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கால்வாய் விளிம்பில் வைத்தார். குமிழி தப்பான பக்கம் போய் நின்றது. ரூர்ட் குனிந்து பார்த்துவிட்டு, கண்ணாடிக்குள் இருக்கும் குமிழியைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். அவர் மூன்று வருடமாக அப்படித்தான். தண்ணீர் தேங்குகிறது என்று ஹில்ட்யா முதலில் சொன்னபோது, குழு கூடிப் பேசி அவளுக்குத் தண்ணீர் தள்ளப் பெரிய அளவில் ஒரு வைப்பர் வாங்கிக் கொடுத்தது. அவள் வீப்ரனின் அலுவலகத்துக்கும் ஒருமுறை ஃபோன் செய்திருந்தாள். புதுக் கட்டடம் என்றால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தக் குரல் யாருடையது என்பது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

வீப்ரன் அலுவலக அறைக்குப் போய் ஃப்ளாஸ்க்கை எடுத்து வந்தார். ஒரு வாளித் தண்ணீரில் கறுப்புக் காபி முழுவதையும் கவிழ்த்தார். ரூர்டுக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் இன்னும் இரண்டாவது கப் குடித்திருக்கவில்லை. வீப்ரன் வாளியை நோயாளி நாய்களின் கோடிக்குத் தூக்கிப் போய், வெளியே போகும் துளையிலிருந்து ஒரு அடி தள்ளிக் கால்வாயில் மெதுவாக ஊற்றினார்.

கறுப்புத் தண்ணீர் துளைப் பக்கம் கொஞ்சம் போய்ப் பார்த்தது. பிறகு திரும்பியது. ஏழு அடைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டி, அவசரமே இல்லாமல் குட்டிகளின் கதவுவரை வந்து தேங்கியது. தேங்கி, நாலு விரல் இடைவெளி வழியே உள்ளே போனது. காலியான அடைப்பின் பாதியை நனைத்துவிட்டு நின்றது.

ரூர்ட் ஈரம் படாமல் காலணியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்றைக்குக் கூட்டம் வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று முனகிவிட்டு உள்ளே போனார். ஹில்ட்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீப்ரன் அலுவலக அறையிலிருந்த தட்டச்சுத் தாளை எடுத்து வந்து, அதன் பின்பக்கம் கையால் எழுதினார்: 'தவறு தரையில். தரை நான் வரைந்தது. கழுவியவர்மேல் தவறில்லை.' பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று ஹில்ட்யா கேட்டாள்.

இப்போதுதான் தெரியும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய்க்கும் தெம்பு வேண்டும்.

"வரையும்போதே தெரியும். கீழ வாய்க்கால் இருந்துச்சு. பத்து வருஷம் தாங்கும்னு நெனச்சேன். அதுக்குள்ள நான் வேலையில இருக்க மாட்டேன்னும் நெனச்சேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தேவலை.

"முதல் தடவை குட்டிங்க செத்தப்ப நான் சரியாக் கழுவலையோன்னு நெனச்சேன்," என்றாள். "அதனால ரெண்டு தடவை கழுவினேன். அப்புறமும் செத்துச்சு. மூணு தடவை கழுவினேன்."

அவள் கழுவக் கழுவ, நோய் குட்டிகளிடம் போயிருக்கிறது. குறைவாகக் கழுவியிருந்தால் சில குட்டிகளாவது பிழைத்திருக்கும்.

ஹில்ட்யா மூலையிலிருந்த பெரிய வைப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"காபியைத் தொடைச்சுட்டுப் போங்க. துளை அந்தப் பக்கம்."

அவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ள ஆரம்பித்தார். குட்டிகளின் கதவிலிருந்து, இப்போது மேடாகிவிட்ட துளைப் பக்கம் பன்னிரண்டு மீட்டர். மூன்றாவது அடைப்புவரை தள்ளிக்கொண்டு போய் மூச்சு வாங்க நின்றதும், தண்ணீர் அவர் காலணியைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனது. மறுபடி தள்ளினார். வலது தோளில் சுருக்கென்று பிடித்தது, அவள் பட்டை ஒட்டியிருந்த அதே இடத்தில். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அவர் வைப்பரைக் கீழே வைக்கவில்லை.