பின் சீட்டில் நடந்த விமர்சனம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் சாயங்கால பஸ். என் பின் சீட்டில் இரண்டு இளைஞர்கள், டிவியில் புதிதாக வரும் ஒரு துப்பறியும் சீரியலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

“சுத்த ரீல்டா. ஆளைப் பாத்தவுடனே அவங்க கதை மொத்தத்தையும் சொல்லிடுவானாம்.”

“ஏன் முடியாது? முன்னாடி உக்காந்துக்கினு இருக்காங்களே, அந்த அக்காவையே எடுத்துக்கோ.”

அந்த அக்கா நான்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

“கம்பியைப் புடிச்சிருக்குற கையைப் பாரு, வெரல்ல ஸ்டாம்ப் மை. ஆபீஸ் வேலை. விக்கிரவாண்டி தாண்டுனதுமே சாவியைக் கையில எடுத்துக்கினாங்க. வீட்ல கதவு தெறக்க ஆளில்ல.”

எங்கள் தெருவில் விளக்கு எரியாது. அந்தப் பயத்தில்தான் தினமும் சாவியை விரல்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து வருகிறேன். என்னைக் காட்டிக் கொடுத்ததும் அதுவேதான்.

சட்டென்று போனைக் காதில் வைத்து, “ஏங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கினு வந்துடுங்க” என்றேன். மறுமுனையில் யாரும் இல்லை.

என் சீட்டின் முதுகில் ஒரு கை வந்து ஊன்றியது. பிறகு மெதுவாக, “அவங்க நம்பரே போடலடா.”

“சரி, ஒத்துக்குறேன். நல்ல சீரியல்தான்.”

சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பின்னாலேயே இறங்கினார்கள்.

இதை ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு போனில் எழுதுகிறேன். எதிர்க் கடையில் இருவரும் டீ குடிக்கிறார்கள். வெறும் டீக்காகவே இறங்கியிருக்கலாம். ஆனால் மூன்றாவது டீ.

அந்த சீரியலைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். முன் சீட்டில் இருப்பவள் வீடு போய்ச் சேருகிறாளா?