ஆரத்தித் தட்டில் இரண்டு கையெழுத்து

என் அண்ணி வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தபால் உறை தொங்குகிறது. மீன்பிடித் துறைமுகத்தின் படம் அச்சிட்டு தபால் துறை வெளியிட்ட சிறப்பு உறை. ஓரத்தில் ஆரத்தித் தண்ணீர் தெறித்த கறை. படத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கையெழுத்துகள். அவற்றைப் போட்டவர்கள் ஒரே கல்யாணத்துக்குப் போனால்கூட, ஒருவர் கிளம்பிய பிறகுதான் மற்றவர் உள்ளே நுழைவார்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர் அண்ணி. தலைவர்களின் கையெழுத்து வாங்கிய தபால் உறைகளைச் சேர்ப்பதில் அப்படியொரு பித்து அவருக்கு. ஒவ்வொரு தலைவருக்கும் கடிதம் எழுதி, பதிலுக்கு ஸ்டாம்ப் ஒட்டிய உறையையும் உள்ளே வைத்து அனுப்புவார். திரும்பி வருவதில் பாதி ரப்பர் முத்திரையாக இருக்கும், இல்லையென்றால் உதவியாளர் கிறுக்கியதாக இருக்கும். "எனுக்கு ரப்பரு இன்னாத்துக்கு? என் கண்ணு முன்னால போடணும்" என்பார் எரிச்சலோடு.

துறைமுக உறை கிடைத்ததும் ஆசை இன்னும் ஏறிவிட்டது. எங்கள் தொகுதியில் மோதிய இரண்டு வேட்பாளர்களும், துறைமுகத்துக்கு எல்லாம் செய்தது நான்தான் என்று மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்த சமயம். "அப்ப ரெண்டு பேரும் ஒரே படத்துல கையெழுத்துப் போடட்டும்" என்றார் அண்ணி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவரிடம் இருந்தது ஒரே ஓர் உறை. யாராவது ஒருவர் கோபத்தில் கிழித்துப் போட்டால் அத்தோடு போச்சு.

முதல் வேட்பாளர் காலையில் வந்தார். எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக நின்று ஆரத்தி எடுத்தார்கள். தட்டில் பணம் போடுவது வழக்கம், ஆனால் தேர்தல் அதிகாரிகளின் கேமரா பின்னாலேயே வந்ததால் மனிதர் கையைப் பிசைந்தார். அண்ணி தட்டை நீட்டினார். அதில் தண்ணீர் எட்டாத விளிம்பில் உறையும் பேனாவும் இருந்தன; உறையின் மேல்பக்கத்தை அண்ணியின் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது. "காசு வேணாம் தலைவரே, கையெழுத்து போதும்." அவர் நிம்மதியாகப் படத்தின் கீழே போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அடுத்தவர் வந்தார். உறையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அவரு பேருக்குக் கீழ நான் போடணுமாம்மா?"

"கீழ இன்னாத்துக்கு? உங்களுக்குன்னு மேல எடம் கீது பாருங்க தலைவரே."

காலையில் அண்ணி அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றி நின்ற பெண்கள் தட்டைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். வேட்பாளர் பேனாவை எடுத்தார். கீழே இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக, படகுகளின் பாய்மரத்தைத் தொடும்படி இழுத்துப் போட்டார். தெருவே கைதட்டியது. நானும் கை வலிக்கத் தட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

விஷயம் ராத்திரிக்குள் தொகுதி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் விடிந்ததும் முதல் வேட்பாளரின் ஆள் ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, தலைவரு கார்ல கீறாரு. அதே கவர்ல இன்னொரு தபா, இன்னும் மேல போடலாமான்னு கேக்குறாரு."

அண்ணி ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூடையை இடுப்பில் வைத்தபடியே சொன்னார்: "அதுல எடமே இல்ல நைனா. அஞ்சு வருசம் கழிச்சு வரச் சொல்லு."