மரப்பாசி பறிக்கப் போன நாள்

ஜனவரி கடைசியில் இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் குளிர் திரும்பியதும் பனியின் மேல் ஐஸ் தகடு இறுகிவிட்டது. பனிமான்கள் தின்னும் தரைப்பாசி அதற்கடியில் இருந்தது. மான்கள் காலால் தட்டிப் பார்த்தன. குளம்பில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

அந்த வாரமும் ரிஸ்டென் சுற்றுலா வந்த விருந்தாளிகளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய வேன் டிரைவர். நாட்டின் வடகோடியில் இருக்கும் இனாரி ஏரிக்கரை விடுதிகளிலிருந்து ஆட்களைக் காலையில் ஏற்றிவந்து, மாலையில் கொண்டுபோய் விடுவேன். பதினாலு வருஷமாக.

ரிஸ்டெனுக்கு நாற்பத்தெட்டு வயது. தெற்கே ஒரு நகரத்தில் பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். கல்யாணம் முறிந்து ஊர் திரும்பியபோது, அப்பாவின் மந்தை இரண்டு குடும்பங்களுக்குப் போதவில்லை. தம்பி யோவ்னா மந்தையைப் பார்த்துக்கொண்டான். இவள் பழக்கிய ஏழு கிடாய் மான்களைச் சறுக்கு வண்டியில் பூட்டி, வருகிறவர்களைக் காட்டுக்குள் சுற்றிக்காட்டி, கூடாரத்தில் சூப் கொடுத்து அனுப்பும் தொழிலை ஆரம்பித்தாள். மந்தையில் இவளுக்குச் சொந்தமென்று காதுக்குறி போட்ட மான்களும் உண்டு. எத்தனை என்று நான் கேட்டதில்லை. இங்கே யாரும் கேட்கமாட்டோம், சேமிப்பு எவ்வளவு என்று கேட்பதுபோல அது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். "போதாத அளவுக்கு" என்பாள். சிரிப்பார்கள்.

கிடாய்கள் மூட்டைத் தீவனத்துக்குப் பழகியவை. மந்தை அப்படியல்ல. பட்டினி கிடந்த மானுக்குத் திடீரென்று காய்ந்த புல்லைப் போட்டால் ஆசையாகத் தின்னும். வயிற்றுக்கு அதைச் செரிக்கத் தெரியாது. நிறைந்த வயிற்றோடு சாகும். முதலில் பாசி கொடுத்து, அதில் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். சேர்த்துவைத்த பாசி முந்தின வாரமே தீர்ந்துவிட்டது.

அன்று காலை யோவ்னா போன் செய்தான். வேனுக்குப் பக்கத்தில் நின்று அவள் ஸ்பீக்கரில் பேசியது எனக்குக் கேட்டது.

"அக்கா, ரெண்டு படுத்துடுச்சு. எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குது."

"பாசி கொண்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் போட்டுத் தொலைக்காத."

"எங்கேருந்து கொண்டு வருவே?"

"கொண்டு வர்றேன்னு சொல்றேன்ல. வை."

கூடாரத்துக்குள் போனாள். விருந்தாளிகள் ஆறு பேர் இருந்தார்கள். இன்றைக்கு வண்டிச் சவாரி இல்லை, பழைய காட்டில் மரப்பாசி பறிக்கப் போகிறோம், பசித்த மான்களுக்கு, என்றாள். முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். கைதட்டினார்கள்.

கிழட்டு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களில் பாசி கறுப்புத் தாடி போலத் தொங்கும். கைக்கு எட்டுகிற வரைதான் பறிக்கலாம். ஹெர்பன் என்ற டச்சுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஆள் நல்ல உயரம். அவரைத்தான் எல்லா மரத்துக்கும் கூப்பிட்டார்கள்.

"காசும் குடுத்து கூலி வேலையும் பாக்குற ஆளுங்க நாங்கதான்" என்றார் அவர்.

"பேசுற வாய்க்கு இன்னேரம் ஒரு மூட்டை ரொம்பியிருக்கும்" என்றாள் அவர் மனைவி.

ரிஸ்டென் சிரித்தாள். கை நிற்கவில்லை. சூப் குடிக்கக்கூட உட்காரவில்லை. நாலு மணி நேரத்தில் ஒன்பது மூட்டைகள். காய்ந்த பாசிக்குக் கனமே கிடையாது. ஒன்பதையும் நான் ஒருவனாகவே தூக்கி ஏற்றினேன். மந்தைக்கு ஒரு வேளைக்குக் காணாது. இருந்தாலும் ஆரம்பிக்க அது போதும் என்றாள். நாளைக்கு வருகிறவர்களையும் இதற்கே கூட்டிவரலாம் என்றாள்.

ஆறு பேரும் கூடவே வருவோம் என்றார்கள். பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் நீள வண்டியைக் கட்டி, மூட்டைகளுக்கு நடுவே அவர்களை உட்கார வைத்தோம். ரிஸ்டென் ஓட்டினாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மந்தை சரிவில் நின்றுகொண்டிருந்தது. ஒன்றுகூடத் தரையைத் தட்டவில்லை. காலையில் படுத்த இரண்டும் எழுந்து நின்று அசைபோட்டன. பனி முழுக்கக் காய்ந்த புல் சிதறிக் கிடந்தது.

ரிஸ்டென் இன்ஜினை அணைத்தாள்.

"எப்போ போட்டே?"

"பத்து மணி இருக்கும்." யோவ்னா அவளைப் பார்க்கவில்லை.

"தெரியாதா உனக்கு?"

"தெரியாமலா போட்டேன்? கன்னு சுமக்கிறதெல்லாம் வந்து என் கையுறையை நக்குதுக்கா. எத்தனை நாளைக்குத்தான் பாத்துக்கிட்டே நிக்கிறது? மூட்டை பிரிஞ்சதும் பிடுங்கித் தின்னுடுச்சுங்க. அப்புறம் விரட்டினேன். போகல."

அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். ஒரு மூட்டையைப் பிரித்துப் பாசியை அவற்றின் முன்னால் உதறினாள். ஒரு பெட்டை வந்து மோந்து பார்த்தது. திரும்பிப் போய்ப் புல்லைத் தின்றது. ரிஸ்டென் குனிந்து புல்லை வாரி வாரி வண்டியில் போட்டாள். நானும் வாரினேன். தின்றது தின்றதுதான்.

"எதெது சாகும்னு எத்தனை நாள்ல தெரியும்?" என்று கேட்டேன்.

"மூணு" என்றான் யோவ்னா.

"மெலிஞ்சதுக்கு ரெண்டு" என்றாள் அவள்.

"எவ்வளவு திருப்தியா நிக்குது பாருங்க!" என்றார் எங்கள் மொழி புரியாத ஹெர்பன். அவர் மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது. ஆறு பேரும் சரிவில் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். ஹெர்பன் படம் எடுக்கச் சொல்லித் தன் போனை ரிஸ்டெனிடம் நீட்டினார்.

"மான் எல்லாம் தெரியணும்" என்றாள் அவர் மனைவி.

ரிஸ்டென் கையுறையைக் கழற்றினாள். எல்லாம் தெரிவதற்காகப் பின்னால் ஓர் அடி வைத்தாள், இன்னும் ஓர் அடி வைத்தாள்.