வெளிச்சம் புகாத வண்டி

பட்டறையில் அவனைப் பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டிங் வைப்பவன் என்பதற்காக மட்டுமல்ல, எதற்கும் பொறுமை கிடையாது என்பதும் அந்தப் பெயரில் அடக்கம். வெல்டிங் வெளிச்சம் தோலை என்ன பாடு படுத்தும் என்பது அவனுக்குத் தெரியும். கழுத்துப் பட்டன் போட மறந்த நாளெல்லாம் கழுத்து வெந்து, தோல் உரிந்திருக்கிறது.

அப்பேர்ப்பட்டவனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிரித்த பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தாள். "நேரடி வெயில் படாம பாத்துக்குங்க" என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், மனுஷன் களத்தில் இறங்கிவிட்டான். வெல்டிங் வெளிச்சத்தை மறைக்கப் பட்டறையில் கட்டும் தடித்த கறுப்புத் திரையில் ஒரு துண்டை வெட்டி, குழந்தை வண்டியைச் சுற்றி இண்டு இடுக்கு விடாமல் கட்டினான்.

"காத்து வருமாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"வெளிச்சமே வராது!" என்றான் பெருமையாக.

தடுப்பூசி போடக் கிளம்பினார்கள். மண்டையைப் பிளக்கும் வெயில். முச்சந்தியில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உள்ள என்னங்க இருக்கு?"

"பாப்பா மேடம்."

முடிச்சை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை. திரையை இழுத்துப் பிய்த்து எறிந்தார். குழந்தை சிவந்து, தொப்பலாக நனைந்து, துவண்டு கிடந்தாள். கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. பொறிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போலீஸ்காரம்மா குழந்தையை அள்ளிக்கொண்டு எதிரே இருந்த மருந்துக்கடைக்குள் ஓடினார். ஃபேனுக்கு அடியில் குழந்தையின் சட்டையைக் கழற்றி, கைக்குட்டையை நனைத்து உடம்பை ஒற்றி எடுத்தார். கடைக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அது வருவதற்குள் குழந்தை வீறிட்டு அழுதாள்.

"அழட்டும், நல்லா அழட்டும். பால் குடும்மா" என்று போலீஸ்காரம்மா குழந்தையைத் தாயிடம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பயமில்லை என்று சொன்ன பிறகு, அவன் வெளியே போய் வாய்விட்டு அழுதான்.

குழந்தை நன்றாகத் தேறியதும், நாலு பக்கமும் காற்று வரும்படி வண்டிக்குக் கூரை மாட்டினான். லீவு போட்டு, குடும்பத்தோடு நன்றி சொல்லப் போனான். பொறியல்லவா, போனது நட்டநடு மத்தியானத்தில்.

"நன்றி சொல்ற நேரமாய்யா இது? வெயில் இறங்கினதும் வாங்க. போங்க, போங்க!" என்று விரட்டினார் போலீஸ்காரம்மா. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவனுக்கு மட்டும் அந்தத் திட்டு தேனாக இனித்தது. பெற்றவர்களைத் தவிர இன்னொருத்தரும் தன் மகளுக்காகப் பதறுகிறாரே!

சாயங்காலம் முச்சந்தியில் வேறொருவர் நின்றிருந்தார். டியூட்டி முடிந்து போயிருப்பார் என்று திரும்பியபோது, மருந்துக்கடை வாசலில், சீருடையை மாற்றிக்கொண்டு, அவர் காத்திருந்தார்.

"என் உயிரையே காப்பாத்திக் குடுத்தீங்க மேடம்" என்றான்.

அவர் அவனைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க. அன்னிக்கு இருந்த பதட்டத்துல முகத்தைக்கூட சரியாப் பாக்கல."