ஒரு மூச்சுக்கு ஒரு வாத்து

உச்சிப்புளியில் எங்கள் ஷெட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இது வெல்வெட் துணியா?" என்பதுதான். துணி இல்லை. நகைப்பெட்டியின் உள்தட்டைத் தடவினால் மெத்தென்று இருக்கிறதே, அது நைலான் நூலைப் பொடிப்பொடியாக நறுக்கிய தூள். பொருளின் மேல் பசை தடவி, எர்த் ஒயர் கிளிப்பை மாட்டி, மின்சாரம் ஓடும், துப்பாக்கி மாதிரியான கன்னால் தூளைத் தூவினால் ஒவ்வொரு இழையும் பசையில் குத்திட்டு நிற்கும். இதற்கு ஃபிளாக்கிங் என்று பெயர். அந்த ஷெட்டில் பத்தொன்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்போதும் போன் செய்து பசை விகிதம் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் அதை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்தது பிலோமியைப் பற்றி.

1. விரலில் துணி

பிலோமி பாம்பனிலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் நாள் வந்தபோது பத்து விரலிலும் பழைய துணியைச் சுற்றியிருந்தாள்.

"கையில என்னம்மா காயம்?" என்று கேட்டேன்.

"காயமில்லண்ணே, பழக்கம். கடலுக்குள்ள முங்கிப் பாசி பறிக்கையில பாறை கிழிக்குமுல்ல, அதுக்குச் சுத்துறது."

"இங்கன பாறை கிடையாது. பசைதான் இருக்கு."

"பசையும் விரல்ல ஒட்டுமுல்ல?"

சரியான வாயாடி என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் ஷெட்டில் இருந்த பன்னிரண்டு பெண்களும் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவும் வேலை மிச்சமானது. அதுவரை பல வருஷமாக எனக்கு அது தோன்றவில்லை.

கடலை ஏன் விட்டாள் என்று ஒரு நாள் கேட்டேன். அவள் புருஷன் இன்னாசி விசைப்படகில் போகிறவர். ஒரே மகள், அப்போது மூன்றாம் வகுப்பு. "ரெண்டு பேரும் கடல்ல கெடந்தா பிள்ளைக்கு ஆருண்ணே இருக்கா? ஒருத்தராவது கரையில இருக்கணும்" என்றாள். கரை வேலை பத்திரமான வேலை என்று நம்பித்தான் எங்களிடம் வந்தாள்.

2. வாத்து வந்த கதை

நகைப்பெட்டி, வேன் டேஷ்போர்டு என்று ஓடிக்கொண்டிருந்த ஷெட்டுக்குத் தூத்துக்குடி ஏற்றுமதிப் பார்ட்டி ஒருவர் பிளாஸ்டிக் வாத்துகளைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் இவற்றைத் தண்ணீரில் மிதக்க விடுவார்களாம். தங்கள் கூட்டம் என்று நம்பி நிஜ வாத்து இறங்குமாம். பிளாஸ்டிக் வெயிலில் பளபளத்தால் பறவை கண்டுபிடித்துவிடும். அதனால் தலையிலிருந்து வால் வரைக்கும் தூள் ஒட்ட வேண்டும்.

"வாத்த ஏமாத்த வாத்து. நமக்கு வாய்ச்ச தொழிலப் பாருங்கண்ணே" என்று பிலோமி சிரித்தாள்.

தட்டையான பெட்டிக்குத் தூள் அடிப்பது எளிது. வாத்துக்குக் கழுத்து வளைவு, இறக்கை மடிப்பு, வால் நுனி எல்லாம் உண்டு. பசை காய்வதற்குள் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். நடுவில் இருமினால், தும்மினால் கை ஆடி அங்கே சொட்டையாகிவிடும். மற்றவர்கள் திணறியபோது பிலோமி தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்குவாள், கன்னை அழுத்துவாள், வாத்தைத் திருப்புவாள். முடித்துக் கன்னைக் கீழே வைத்த பிறகுதான் மூச்சு விடுவாள். ஒரு மூச்சுக்கு ஒரு வாத்து. வாத்துக்குத் தலை பச்சை, அதில் ஒரு இழை சாய்ந்திருக்காது.

பார்ட்டி வந்தால் நான் பெருமையாக அவளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். அறுபத்தெட்டு வரை போயிருக்கிறது. அவர்கள் கைதட்டுவார்கள். முதலாளி என் தோளில் தட்டுவார். சர்க்கஸ்காரன் மாதிரி நடந்துகொண்டேன் என்று இப்போது எழுதும்போது கூசுகிறது.

3. நான் அணைத்த ஃபேன்

அடிக்கிற அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருந்தது. வாத்து வேலை தொடங்கியதும் அதன் இழுப்பில் வால் நுனியில் தூள் நிற்கவில்லை. அணைத்தேன். யாரும் சொல்லி அணைக்கவில்லை, நானாகத்தான் அணைத்தேன். வாடைக் காற்று வீசினால் ஈரத்தில் தூள் கட்டிகட்டியாகிவிடும் என்று ஜன்னலையும் சாத்தினேன். கதவை அடிக்கடி திறக்காதீர்கள் என்று சத்தம் போட்டேன்.

அன்றைக்கு என்ன நிறம் அடித்தோமோ அது மூக்கைச் சிந்தும் கைக்குட்டையில் தெரியும். பச்சை அடித்தால் பச்சை, பழுப்பு அடித்தால் பழுப்பு. அதை வைத்துக் கேலி பேசிக்கொள்வோம். மாஸ்க் என்று துணியில் ஒன்று கொடுத்திருந்தோம். பிலோமி அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். "நான்தான் மூச்சே விடலியே, எனக்கு எதுக்குண்ணே இது?" என்பாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

வாத்து வேலை தொடங்கிய மூன்றாவது வருஷம் அவளுக்கு இருமல் வந்தது. முதலில் வேலை நாளில் மட்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் இருமுகிறாள் என்று இன்னாசி சொன்னார். எண்ணிக்கை அறுபத்தெட்டிலிருந்து ஐம்பதானது, நாற்பதானது. ஒரு வாத்துக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. பார்ட்டிக்கு முன்னால் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

4. டாக்டரிடம் சொன்னது

இன்னாசி கடலில் இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். கிளம்பும்போது முதலாளி வாசல் வரை வந்தார். "தூசி கீசின்னு ஏதாவது சொல்லி வச்சிராதீங்க. கவர்மெண்டு ஆளு வந்து ஷெட்டப் பூட்டிட்டுப் போயிருவான். பன்னெண்டு பொம்பளைகளும் திரும்பப் பாசிக்குத்தான் போகணும்."

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். சளியில் டி.பி. கிருமி தெரியவில்லை, ஆனால் நெஞ்சில் நிழல் இருக்கிறது என்றார்.

"என்ன வேலை பாக்குறாங்க? தூசியில நிக்கிற வேலையா?"

நான் சொன்னேன்: "இல்ல சார். நகைப்பெட்டிக்கு வெல்வெட் ஒட்டுற வேலை."

அத்தனை வருஷமாக "துணி இல்லை" என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னவன் நான். பிலோமி என்னைப் பார்த்தாள்.

டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொன்னதை வைத்துத்தானே அவர் பார்க்க முடியும்? ஆறு மாதமும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு அதே அறையில், அதே சாத்திய ஜன்னலுக்குள் அவள் நின்றாள். மாத்திரை முடிந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கி ஷெட்டுக்கு நடக்கிற தூரத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.

5. பிளாஸ்டிக் கவர்

அதற்குப் பிறகுதான் மதுரைக்குப் போனோம். அங்கே பார்த்த டாக்டர் ஒரு பெண். என்ன வேலை என்று அவர் கேட்டபோது நான் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒரு பிடி பச்சைத் தூள். முதலாளிக்குத் தெரியாமல் எடுத்து வந்தது.

அவர் விரலில் தொட்டுப் பார்த்தார். "நைலானா இது? நுரையீரலுக்குள்ள போனா கரையாது. எப்படி அடிப்பீங்க?"

பிலோமி மூச்சிரைக்க இரைக்கத் தன் முறையைச் சொன்னாள்.

"வாத்து முடிஞ்சதும் மூச்சு எங்க விடுவீங்கம்மா?"

"அங்கனதான். கன்ன வச்சுட்டு நல்லா இழுத்து விடுவேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கடலில் அடக்கிய மூச்சுக்கு மேலே வந்தால் சுத்தமான காற்று இருக்கிறது. எங்கள் அறையில் மேலே என்று ஒரு இடமே கிடையாது. அடக்கி வைத்த நெஞ்சு மற்றவர்களைவிடப் பெரிதாக இழுக்கும். தூள் அடித்து முடித்த அந்த நொடியில்தான் அறையில் தூள் மிக அதிகம். அத்தனையையும் அவள் ஒரே இழுப்பில் உள்ளே வாங்கியிருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறேன்.

"முதல்ல காட்டினப்பவே அந்த ரூமை விட்டு வெளிய வந்திருந்தா பெரும்பாலும் சரியாகியிருக்கும்" என்றார் டாக்டர். "இப்ப தழும்பு விழுந்திருச்சு. இனிமே கூடாமப் பாத்துக்கலாம்."

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஃபேனைப் போட்டேன். மேஜைக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு அட்டையை வெட்டித் தடுப்பாக வைத்தேன். வால் நுனியில் தூள் அழகாக நின்றது. அரை மணி நேர வேலை. அந்த அட்டை முன்பும் ஷெட்டில்தான் கிடந்தது. வெளியே போய் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். ஃபேனை அணைத்தால்தான் ஃபினிஷிங் வரும் என்று எந்தச் சூப்பர்வைசர் சொன்னாலும் நம்பாதீர்கள். இருமல் வந்து டாக்டரிடம் போனால் நீங்கள் அடிக்கிற தூளைக் கையோடு கொண்டுபோய் மேஜையில் வையுங்கள்.

6. பாம்பனில்

போன மாதம் பிலோமியைப் பார்க்கப் போனேன். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஆக்சிஜன் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தெருவில் பாசிக்குப் போகிற பெண்கள் சாக்கோடு நடந்தார்கள். இப்போது அவள் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அம்மாவைக் குளிக்க வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாளாம்.

இத்தனை வருஷம் வாயில் வராததைச் சொன்னேன். "அன்னைக்கு அந்த டாக்டர்ட்ட நான் மறைச்சுட்டேன் பிலோமி."

"தெரியும்ணே. நானும் அங்கனதான இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நானும் சொல்லலியே. வேல போயிரும்னு பயம். கரை வேல வேற எங்க கெடைக்கும்?"

"நீ சொல்லாதது வேற. நான் சொல்லாதது வேற."

எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அவள் அதை மறுக்கவில்லை. தெருவில் போகிற பெண்களைப் பார்த்தாள். திடீரென்று, "எண்ணுங்கண்ணே, பாப்போம்" என்றாள்.

"வேண்டாம் தாயி."

"சும்மா எண்ணுங்க."

நெஞ்சை நிமிர்த்தி இழுத்தாள். முழுதாக இழுக்க முடியவில்லை. அடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய்க்குள் எண்ணினேன். தோள் குலுங்கி இருமல் வெடித்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அடங்க வெகுநேரம் ஆனது.

"எத்தனண்ணே?"

"இருபது."

தம்ளரைக் கீழே வைத்தாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். "இப்பவாவது உள்ளதச் சொல்லுங்கண்ணே."

"ஒம்பது" என்றேன்.